சுறாவும் சமன்பாடும்

முதல் உலகப்போர்க் காலத்தில் ஆட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. போருக்குப் பின் இத்தாலிய உயிரியல் அறிஞர் உம்பெர்ட்டோ தாங்கோனா மீன்சந்தைக் கணக்குகளை ஆராய்ந்தார். பியூமே துறைமுகத்தில் 1914இல் நூற்றுக்கு 12 அளவாக இருந்த சுறா, திருக்கை போன்றவற்றின் பங்கு 1918இல் 36 ஆக உயர்ந்திருந்தது. வலை ஓய்ந்தால் எல்லா மீனுமன்றோ பெருகவேண்டும்? பிற மீனை உண்பவை மட்டும் ஓங்கியது ஏன்? தம் மாமனாராகிய கணித மேதை வீட்டோ வோல்ட்டெராவிடம் அவர் இவ்வினாவை வைத்தார்.

1926இல் விடை வந்தது. கடலை வோல்ட்டெரா இரை, இரையை உண்பது என இரண்டே இனங்களாகச் சுருக்கினார். இரண்டும் மாறி மாறிப் பெருகியும் குறைந்தும் முடிவின்றி ஊசலாடும். மீன்பிடிப்புக் குறைந்தால் சராசரியில் உண்பதற்கே ஆதாயம் என்று அவருடைய சமன்பாடுகள் காட்டின. அழகிய விடைதான். ஆயினும் சுறா உண்பது ஒரே மீனையா? அம்மீனுக்கு ஒளிய இடமுண்டா? சந்தைக்கு வந்த மீனின் கணக்குக் கடலின் கணக்காகிவிடுமா? இவற்றுக்கெல்லாம் அந்த மாதிரியில் இடமில்லை.

மாஸ்கோவில் கௌஸ் என்னும் இளைஞர் இதைக் கண்ணாடிக் குழாயில் சோதித்து, 1934இல் நூலாக வெளியிட்டார். பாரமீசியம் என்னும் நுண்ணுயிரையும் அதை விழுங்கும் டிடினியத்தையும் ஒன்றாக விட்டார். ஊசலாட்டம் நிகழவில்லை. டிடினியம் இரையை அடியோடு தின்று தீர்த்து, பின்னர்த் தானும் பட்டினியால் மடிந்தது. குழாயின் அடியில் வண்டல் இட்டு இரைக்குப் புகலிடம் தந்தபோதோ, டிடினியம் மாண்டது, பாரமீசியம் பெருகியது. இரண்டையும் அவ்வப்போது வெளியிலிருந்து சிறிது சேர்த்த பின்னரே ஏற்றமும் இறக்கமும் தென்பட்டன.