லயன் வீட்டுக்கு ரவுட்டர்: எந்தக் கேபிளை வாங்குவது?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, மலையகத் தோட்டங்களின் பிள்ளைகள் சிக்னலைத் தேடி மலையுச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறினார்கள். தொற்றுக்காலம் முடிந்தாலும் இணையத்தின் தேவை குறையவில்லை. உயர்தர வகுப்புகள், வேலை விண்ணப்பங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் இன்று அதில்தான் நடக்கின்றன. 1964 ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கும், 1977, 1983 வன்முறைகளால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சிதறிப்போன உறவுகளின் முகத்தைப் பார்ப்பதும் அதன் வழியாகத்தான்.

இப்போது ஹட்டன், நுவரெலியா பகுதித் தோட்டங்களில் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. "ரவுட்டர் வாங்கியும் நெட் இழுக்கவில்லை" என்ற குறையும் கூடவே கேட்கிறது. பல வீடுகளில் சிக்கல் ரவுட்டரில் இல்லை. அது வைக்கப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

சிக்னல் ஓரிடம், படிப்பு வேறிடம்

4ஜி அலை மலையைத் துளைத்து வராது. கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த பக்கத்தில் சிக்னல் இருக்கும், மறுபக்கத்தில் இருக்காது. முதுகு ஒட்டிய இரட்டை லயனில் முன்வரிசை இஸ்தோப்பில் கிடைக்கும் சிக்னல் பின்வரிசைக் காம்பராவில் கிடைக்காமல் போவது இதனால்தான். தகரக்கூரையும் தடித்த கல் சுவரும் 4ஜியை மறிப்பதுபோலவே வைஃபையையும் மறிக்கின்றன.

எனவே முதலில் கைத்தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் எல்லா மூலைக்கும் நடந்து, சிக்னல் கூடுதலாக உள்ள இடத்தைக் கண்டுபிடியுங்கள். ரவுட்டர் அங்கே இருக்கட்டும். அங்கிருந்து பிள்ளை படிக்கும் இடத்துக்கு இணையத்தைக் கொண்டுவருவதுதான் கேபிளின் வேலை. நல்ல நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை, அதாவது சுமார் 328 அடி வரை, வேகம் குறையாமல் எடுத்துச் செல்லும். ரவுட்டரை உள்ளே வைத்து, கூரையில் அன்ரெனா பூட்டி, நீளமான அன்ரெனா வயர் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வயரில் ஒவ்வொரு மீற்றருக்கும் சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். அன்ரெனா வயர் குட்டையாகவும் நெட்வேர்க் கேபிள் நீளமாகவும் இருப்பதே சரி.

கைத்தொலைபேசியில் கேபிள் செருக இடமில்லையே என்று கேட்கலாம். கேபிளின் மறுமுனையில் ஒரு சிறிய வைஃபை கருவியைப் பூட்டினால் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே இதற்குப் பெரும்பாலும் உதவும். அதன் ஐ.பி. முகவரியைப் புதிய ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, டி.எச்.சி.பி.யை நிறுத்தி, கேபிளை அதன் லான் துளையில் செருக வேண்டும்.

எந்த வகை?

கேபிளின் மேலுறையில் வகை அச்சிடப்பட்டிருக்கும். கேட் 5ஈ வகை 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1 கிகாபிட் (1,000 மெகாபிட்) வேகத்தைத் தாங்கும். விலை குறைந்த 4ஜி ரவுட்டர்கள் பலவற்றின் லான் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்காது. ஆகவே 4ஜி பாவிக்கும் வீட்டுக்கு கேட் 5ஈ தாராளம். கேட் 6 வகையும் 100 மீற்றருக்கு 1 கிகாபிட் தரும். சுமார் 55 மீற்றருக்குள் 10 கிகாபிட் வரை போகும். விலை வித்தியாசம் சிறிதென்றால், பின்னால் ஃபைபர் இணைப்பு எடுக்கும் எண்ணமும் இருந்தால், அதை வாங்கலாம். கேட் 8 தரவு மையங்களுக்கானது. வீட்டுக்கு அதை வாங்குவது வீண் செலவு.

எண்ணைவிட உலோகம் முக்கியம்

கேட் 5ஈயா, கேட் 6ஆ என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது உள்ளே இருப்பது செம்பா என்று பார்ப்பதற்குக் கொடுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய கேபிள்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் பெட்டியிலோ உறையிலோ சீ.சீ.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அலுமினியத்துக்கு மின்தடை கூட. சில தரம் வளைத்தால் கம்பி முறிந்துவிடும். கூரையில் உள்ள கருவிக்கு இதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பினால், அது சூடாகும். நெருக்கமாக வாழும் லயன்களில் தீயைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சோதிப்பது இலகு. கடையில் ஒரு நுனியைக் கேட்டு வாங்கி, உள்ளே உள்ள கம்பியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் செம்புதான். கேபிள் கையில் வழமையைவிட லேசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மழை, வெயில், எலி

உள்வீட்டுக்கான சாம்பல் நிறக் கேபிளை வெளிச்சுவரில் இழுத்தால் வெயிலில் உறை வெடித்து, மழைநீர் இறங்கும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கும் ஹட்டன் பக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். வெளியே போகும் பகுதிக்கு, வெளிப்பாவனைக்கு என்று செய்யப்பட்ட கறுப்பு உறைக் கேபிளைக் கேளுங்கள். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலே எடுத்தால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கூரைக்கு அடியில் எலி கடிக்காதிருக்க, மின்வயர் போடும் பிளாஸ்ரிக் குழாய்க்குள் இழுக்கலாம். மின்வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

புதிய தனிவீடு கட்டுபவர்களுக்கு இது இன்னும் சுலபம். 2017 மே மாதம் நோர்வூட் வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வாறான திட்டங்களிலோ சொந்தமாகவோ வீடு எழும்பும்போது, சுவர் பூசுவதற்கு முன் ஒரு வெறுங்குழாயைப் பதித்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

இடி மின்னல்

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்ரோபர்-நவம்பரிலும் மலையகத்தில் பிற்பகல் இடி வழமை. வானம் இருண்டதும் மின்பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. வெளியிலிருந்து வரும் நெட்வேர்க் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னலின் அதிர்வு அதன் வழியாகவும் உள்ளே வரும். இடி தொடங்கிய பின் எதையும் தொடாமல் விடுங்கள். தனித்தனி மின்னிணைப்புள்ள இரண்டு வீடுகளுக்கு இடையே செம்புக் கேபிளை அந்தரத்தில் இழுத்து நெட் பகிர்வதும் ஆபத்து. அதற்கு, மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிளே ஏற்றது. வெள்ளித்தாள் சுற்றிய கவசக் கேபிள், புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் கொடுத்த காசுக்குப் பயன் தராது.

முனை பூட்டும்போது

இரண்டு முனைகளிலும் ஒரே நிற வரிசை இருக்க வேண்டும்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் சரியாகப் பூட்டப்பட்டாலும் நெட் வரும். ஆனால் 100 மெகாபிட்டைத் தாண்டாது. பூட்டித் தருபவரிடம் எட்டையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை நான்கு: முழுச் செம்பா? கேட் 5ஈ அல்லது கேட் 6தானா? வெளிப்பாவனைக்கு ஏற்றதா? அளந்த நீளத்துக்கு மேல் இரண்டு மூன்று மீற்றர் உபரி இருக்கிறதா?

ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் 1,000 ரூபாய் நாட்சம்பளத்தைக் கண்ட மக்களுக்கு ஒரே பொருளை இரண்டு தரம் வாங்குவது சின்ன இழப்பல்ல. கேபிள் இல்லாத சிக்னலை உண்டாக்காது. கோபுரமே எட்டாத பள்ளத்துத் தோட்டங்களுக்கு அரசும் நிறுவனங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இஸ்தோப்பு வரை வந்துவிட்ட சிக்னல் பிள்ளையின் மேசைக்கு வராமல் நின்றால், அந்தச் சில மீற்றர் தூரத்தை நாமே கடந்துவிடலாம்.