மகன் பேரு மறந்துச்சு, பாட்டு மறக்கல

1/ எண்பது தாண்டின ஒரு பாட்டி. டிமென்ஷியா. பக்கத்துல நிக்கிற மகன் பேரே வரல. அடுத்த பெட்ல யாரோ போன்ல பழைய பாட்டு போட்டாங்க, ஏ.எம்.ராஜா, பானுமதி டூயட். பாட்டி அடுத்த வரியை முந்திக்கிட்டுப் பாடிட்டாங்க. மகன் அழுதுட்டார். அந்தப் படம் நம்ம சேலத்துக் கம்பெனி எடுத்தது. அதைப் பத்திதான் இந்த த்ரெட்.

2/ ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து அஸ்தம்பட்டி வந்து ஏற்காடு ரோட்டைப் பிடிச்சா ஒரு பழைய வளைவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்துல ஜவுளித் தொழில் படிச்சிட்டு வந்து 1935-ல ஆரம்பிச்சது. மலையாளத்தோட முதல் பேசும்படம் 'பாலன்' (1938) இவங்க தயாரிப்புதான். மொத்தம் 100 படங்களுக்கு மேல.

3/ 1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இயக்கம் சுந்தரமே. எம்.ஜி.ஆர், பானுமதி, வில்லன் பி.எஸ்.வீரப்பா. பாட்டு மருதகாசி, இசை சுசர்ல தட்சிணாமூர்த்தி. கேவா கலர்ல வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கறுப்பு வெள்ளையே பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்தக் குகை திறந்தப்போ எப்படி இருந்திருக்கும்!

4/ ஹாலிவுட்லயும் இப்படி ஒரு பாட்டுப் படம் உண்டு. 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்', 1939. அதுலயும் ஒரு கதவு திறக்கும். அதுவரை பழுப்பா இருந்த உலகம் கலராயிடும். வெளியானப்போ லாபமே பார்க்கல. 1956 நவம்பர்ல அமெரிக்க டிவியில போட்டாங்க. அப்புறம் வருஷா வருஷம் வர ஆரம்பிச்சு, தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்த்துப் பார்த்தே அது காவியமாச்சு. நம்மூர்ல அந்த வேலையைச் செஞ்சது டூரிங் டாக்கீஸும் சிலோன் ரேடியோவும்.

5/ இப்போ கொஞ்சம் மருத்துவம். பத்து வயசுல இருந்து முப்பது வரைக்கும் உள்ள நினைவுகள்தான் வயசான காலத்துல அதிகமா மேல வரும். அல்சைமர்ல முதல்ல அடிபடுறது புது நினைவு. சின்ன வயசுல திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு பலருக்கு ரொம்ப நாள் தங்கும். ராகம், தாளம், வார்த்தைன்னு மூளையில பல இடங்கள்ல அது பதிஞ்சிருக்கு.

6/ அதுக்காக "பாட்டு கேட்டா மறதி நோய் குணமாகும்"னு ஃபார்வர்டு வந்தா நம்பாதீங்க. மனசு அமைதியாகும், பேச ஒரு வழி கிடைக்கும். அவ்வளவுதான். ஆனா மகனுக்கு அந்த ரெண்டு நிமிஷம் சின்ன விஷயம் இல்ல.

7/ சுந்தரம் 1963-ல போயிட்டார். ஸ்டூடியோ இருந்த இடத்துல இப்போ வீடுகள். வளைவு மட்டும் நிக்குது. 1956-ல பன்னெண்டு வயசா இருந்தவங்க இன்னைக்கு எண்பதைத் தாண்டிட்டாங்க.

8/ உங்க வீட்டுல அப்படி யாராவது இருந்தா இன்னைக்கே கேளுங்க. எந்தக் கொட்டகை? யார் கூட்டிட்டுப் போனா? தரை டிக்கெட்டா, பெஞ்சா? போன்ல பதிவு பண்ணி வையுங்க. உங்க பேரு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே.