கோவை ஃபாரூக்: ஒரு வாசகத்தின் விலை

கோடியக்கரை கடல்ல அமாவாசை முழுக்குப் போட வர்ற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சாமி கும்பிடுறவன்தான். ஆனா கருப்புச் சட்டைக்காரங்களும் எங்க பக்கத்துக்குப் புதுசில்லை. "கடவுள் இல்லை" என்று மூன்று முறை சொல்லும் வாசகத்தைப் பெரியார் 1967-ல் அறிவித்ததே திருவாரூர் பக்கத்து விடயபுரத்தில்தான்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழிச்சு, அதே வாசகத்தை ஓர் அட்டையில் எழுதி, தன் குழந்தையின் கையில் கொடுத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டார் கோவை ஃபாரூக். பழைய இரும்பு வியாபாரம் பார்த்தவர். திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் இப்படிப் பேசுவது சிலருக்குப் பொறுக்கலை. 2017 மார்ச் 16 இரவு, உக்கடம் பகுதியில் வெட்டிக் கொன்னுட்டாங்க. வயசு 31. கைதானவர்கள் அவர் பிறந்த மதத்துக்காரர்களே.

பெரியார் மேலயும்தான் செருப்பு வீசினாங்க. ஆனாலும் அவர் 94 வயசு வரைக்கும் மேடையேறிப் பேசினார். ஃபாரூக்குக்கு அதில் மூணில் ஒரு பங்குதான் கிடைச்சது.

அவர் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாகச் சொன்னார். கொன்னவங்க எதைச் சாதிச்சாங்க?

இதை நாத்திகர்கள் கண்டிச்சா மட்டும் போதாதுங்க. கொலை நடந்தது கடவுள் பேரால. அதனால, அவரைக் கும்பிடுற நாமதான் முதல்ல வாயைத் திறக்கணும்.