அப்பாவோட ஏர்கன்னும் பொன்மலை ஃபிட்டரும்

போன மாசம் அப்பா காலத்து ஏர்கன் படுத்துவிட்டது. சுட்டால் 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். குண்டு வரப்பைக்கூடத் தாண்டவில்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "உள்ளே இருக்கிறதை எல்லாம் மாத்தணும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்"னு சொல்லிவிட்டார்கள். அப்பா கைபட்ட சாமானைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

எங்க ஊர் கொள்ளிடத்துக்கு வடகரை. ஆத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருத்தர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழைப்பழம் ஒரு சீப்பும் துப்பாக்கியுமாகப் போய் நின்றேன்.

அவர் உடனே கழட்டவில்லை. "கழட்டுறதுக்கு முன்னாடி எதைத் தொடப்போறோம்னு முடிவு பண்ணணும் தம்பி. இஞ்சினோ துப்பாக்கியோ, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்னு எனக்குப் புரியலை. அதுக்கு அவர் சொன்ன பதிலில் பாதி பொன்மலை சரித்திரம்.

தென்னிந்தியாவில் இந்தப் பக்கம் ரயில் முதலில் ஓடியது நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே, 1861-ல். அடுத்த வருஷமே திருச்சிக்கு வந்துவிட்டது. துறைமுகம் இருந்ததால் இஞ்சின் ரிப்பேர் பண்ணும் பட்டறையும் நாகப்பட்டினத்திலேயே இருந்தது. ரயில் பாதை நாலா பக்கமும் பரவின பிறகு பட்டறையை நடுவாந்திரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி 1928-ல் வந்ததுதான் பொன்மலை ஒர்க்‌ஷாப். அந்தச் சங்கு சத்தத்தை வைத்து நேரம் பார்த்த குடும்பங்கள் திருச்சியில் எத்தனையோ.

நீராவி இஞ்சினிலும் ஏர்கன்னிலும் ஒரு சிலிண்டர், அதுக்குள்ளே ஒரு பிஸ்டன். இஞ்சினில் ஆவி பிஸ்டனைத் தள்ளும். ஏர்கன்னில் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நசுக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். ரெண்டிலும் இடுக்கில் கசிவு வந்தால் பலம் போச்சு. கசியாமல் இருக்க இஞ்சினுக்கு பிஸ்டன் ரிங், பழைய ஏர்கன்னுக்கு தோல் வாஷர்.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை இஞ்சின் முழு ஓவராலுக்கு வரும். முழுசாகப் பிரித்தாலும் முழுசாக மாற்ற மாட்டார்கள். பெரியவர் அதை மூணு கூறாகப் பிரித்துச் சொன்னார்.

முதல் கூறு, தேயறதுக்குன்னே செய்தது. ரிங், பிரேக் கட்டை மாதிரி. அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாத்தணும். ரெண்டாவது, தவறினால் ஆளைக் கொல்லுறது. பாய்லர் அப்படி. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனாலும் தண்ணியை ஏத்தி, அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல் வெளியே விட மாட்டார்கள். மூணாவது, நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறது. அதை நோண்டக் கூடாது.

இதுக்குப் பெரிய சாட்சி நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 12 அடி போனால் 1 அடி ஏறும் மலைப்பாதை. அதில் ஓடும் எக்ஸ் வகை இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை, 1914 முதல் வந்தவை. நாலு சிலிண்டர். ரெண்டு சிலிண்டர் சாதாரண சக்கரத்தைச் சுத்தும். அதில் வேலை செய்து முடித்த ஆவியே அடுத்த ரெண்டுக்குப் போய், தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள பல்லைக் கவ்வும் சக்கரத்தைச் சுத்தும். ஒரு இடத்தில் கசிந்தால் ரெண்டு இடத்தில் பலம் குறையும். அந்த இஞ்சின்களைப் பல வருஷம் பார்த்துப் பார்த்து ஓட வைத்தது பொன்மலைதான்.

எதை மாத்துறதுன்னு பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு ஒவ்வொரு பாகமும் மனப்பாடம். அதனால்தான் பழசு தாங்காதுன்னு ஆனபோது, 2011-ல் பொன்மலையிலேயே புது எக்ஸ் இஞ்சின் செய்ய முடிந்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் இஞ்சினும் அங்கே செய்தார்கள். பெரியவர் அப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். ஆனாலும் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி சொன்னார்.

சரி, ஏர்கன்னுக்கு வருவோம். ஸ்பிரிங் தெறிக்காமல் கிளாம்ப் போட்டுப் பிடித்துத்தான் பிரித்தார். தோல் வாஷர் காய்ந்து, ஓரம் கிழிந்திருந்தது. மாத்தியாச்சு. ஸ்பிரிங் கொஞ்சம் வளைந்திருந்தது. அதுவும் மாத்தியாச்சு. குழலையும் மரக்கட்டையையும் துடைத்து வைத்ததோடு சரி.

அப்புறம் டிரிகருக்குள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "முனை மழுங்கிடுச்சு. நீ குழலை மடக்கிக் குண்டு போடும்போது இது நழுவினா, குழல் திரும்பி அடிச்சு விரலை எடுத்துடும். இதுதான் உன் பாய்லர். இது மாறாம துப்பாக்கியை உன் கையில தர மாட்டேன்" என்றார். சின்னச் சாமான்தான், கிடைக்க ரெண்டு வாரம் அலைந்தேன். டவுன் கடையில் யாரும் அந்தக் கொக்கியைப் பற்றிப் பேசவே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "குண்டு போடாம சும்மா சுடுவியா?"

மாட்டிக்கொண்டேன். கதிர் முத்தும் நேரத்தில் கிளியும் குருவியும் மொய்க்கும். பறவையைச் சுடுவது பாவம், சட்டப்படி குத்தமும். அதனால் சத்தத்துக்காக வெறும் துப்பாக்கியைச் சுட்டு விரட்டுவேன். குண்டு இல்லாவிட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காதாம். நேராகப் போய்ச் சிலிண்டர் முனையில் மோதுமாம். வாஷரைக் கிழித்தது நான்தான்.

"சாமானை மாத்திட்டேன். பழக்கத்தை நீதான் மாத்தணும்" என்றார். கூலி வாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பூவன் தார் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஏர்கன் எண்ணெய் துடைத்துப் பரண்மேல் இருக்கிறது. வயலில் பழைய தகர டின்னைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். கிளிகள் ஓடத்தான் செய்கின்றன.