அல்ஜியர்ஸ் நகரமும் ஒரு திரைச் சாட்சியமும்

அரச வன்முறையைக் கண்டிப்பதாகக் கூறிக்கொள்ளும் படங்களிற் பெரும்பாலானவை ஒரு கொடிய அதிகாரியைக் காட்டி, அவனை இறுதியிற் சாகடித்து, பார்வையாளனை நிம்மதியுடன் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அமைப்பு தப்பிவிடுகின்றது. இத்தாலிய நெறியாளர் ஜில்லோ பொன்ரெகோர்வோ 1966 இல் வெளியிட்ட 'அல்ஜியர்ஸ் போர்' இந்த மலிவான ஆறுதலை நமக்குத் தருவதில்லை.

1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரின் பொலிஸ் அதிகாரம் ஜெனரல் மசுவின் 10ஆவது பரசூட் படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தது பாசிச ஆட்சியன்று. சோஷலிஸ்ட் தலைவர் கீ மொலே பிரதமராயிருந்த அரசாங்கம் என்பதை நம்மவர் மறத்தலாகாது. காஸ்பா என்னும் பழைய முஸ்லிம் குடியிருப்பு முட்கம்பியால் வளைக்கப்பட்டது. மின்சாரமும் தண்ணீரும் சித்திரவதைக் கருவிகளாயின.

படம் தொடங்குவதே ஒரு சித்திரவதை முடிந்த கணத்தில். தோழர்களின் மறைவிடத்தைச் சொல்லிவிட்ட ஒரு மனிதனுக்கு, வதைத்தவர்களே தமது சீருடையை அணிவிக்கிறார்கள். அவனது கண்ணீரைவிடக் கொடியது அவர்களது சாவதானம். படைநடத்தும் கேணல் மத்தியூவும் அரக்கனல்லன்; நாஜிகளை எதிர்த்துப் போரிட்டவன், பண்பாகப் பேசுபவன். பிரான்ஸ் அல்ஜீரியாவில் நிலைக்கவேண்டுமென விரும்புவோர் அதன் விளைவுகளையும் ஏற்கத்தான் வேண்டும் என்ற கருத்தில் அவன் பத்திரிகையாளருக்கு விடையிறுக்கும்போது, குற்றவாளிக் கூண்டில் நிற்பது தனிமனிதனல்லன், குடியேற்ற ஆட்சியின் தர்க்கமே என்பது புலனாகின்றது.

விடுதலைப் போராளிகளுக்கும் படம் சலுகை காட்டவில்லை. குண்டு வெடிக்கப்போகும் உணவுச்சாலையில் ஐஸ்கிறீம் சுவைக்கும் குழந்தையைக் கமரா நின்று பார்க்கின்றது. காஸ்பாவின் பிணங்களுக்கும் ஐரோப்பியரின் பிணங்களுக்கும் ஒரே இசைதான்.

நடித்தோர் பெரும்பாலும் அந்நகரத்து மக்கள். காஸ்பாவில் போராட்டத்தை நடத்தி, 1957 இல் பிடிபட்டு, மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தப்பிய ஸாதி யாசெப், தயாரிப்பிற் பங்குகொண்டதோடு தம்மையொத்த பாத்திரத்திலும் தோன்றினார். கேணலாக நடித்த ஜோன் மார்ட்டின், அல்ஜீரியப் போரிற் சேர மறுக்கும் உரிமையை ஆதரித்து 1960 இல் வெளியான 121 பேரின் அறிக்கையிற் கையொப்பமிட்டவர். வெனிஸ் விழாவிற் தங்கச் சிங்கம் பெற்ற இப்படத்தைப் பிரான்ஸ் பல ஆண்டுகள் திரையிடவிடவில்லை.

நமக்கு ஒரு குறையும் தெரிகின்றது. அல்ஜீரியரோடு நின்ற ஐரோப்பியக் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கு இடமில்லை. 1957 ஜூனிற் படையினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளாத 25 வயதுக் கணிதவியலாளர் மொறிஸ் ஒடன் அத்தகையவர். அவரது சாவுக்கு அரசின் பொறுப்பைப் பிரெஞ்சு ஜனாதிபதி ஏற்றது 2018 இலேதான்.

2003 இல், ஈராக்கை ஆக்கிரமித்த பின், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் இப்படத்தைத் தன் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. அவர்கள் எதைக் கற்றார்களோ, நாமறியோம்.

போராட்டத் தலைவர் லார்பி பென் மஹிதி 1957 மார்ச்சில் சிறையில் தற்கொலை செய்துகொண்டார் என்று படையினர் அறிவித்தனர். படத்திலும் அந்த அறிவிப்பு வருகின்றது. கேட்டு நிற்கும் பத்திரிகையாளரின் முகத்தில் நம்பிக்கையில்லை. பிரெஞ்சுப் படையினரே அவரைக் கொன்றனர் என்பதைப் பிரான்ஸ் 2024 நவம்பர் 1 ஆந் திகதி ஒப்புக்கொண்டது.