குடாநாட்டுக் கரைகளும் அமெச்சூர் வானொலியும்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் செய்தி கேட்பதற்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லை. பற்றரியோ குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்துவைத்து, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, வீட்டில் ஒருவர் பெடலைச் சுற்றுவார். மற்றவர்கள் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசையும் கேட்பார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேராக்க ஒரு டயோட்டும், அலைவைத் தணிக்க ஒரு கொண்டென்சரும் வேண்டும். இதை எந்தப் பாடநூலும் படிக்காமல் ஒழுங்கைக்கு ஒரு பொடியன் செய்து கொடுத்தான். சுற்றுகிற கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் கம்மும். கை மாறினால் மீளும்.

அவசரகாலத் தொடர்பு பற்றி இன்று நடக்கும் பயிலரங்குகளில் முதலில் கருவிகளைத்தான் காட்டுகிறார்கள். அந்தச் சைக்கிள் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு வேறொன்று தெரியும்: கருவி எப்படியும் ஒன்று கிடைத்துவிடும், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும், அதை இயக்க யார் இருப்பார்கள் என்பவைதான் கடினமான கேள்விகள். அமெச்சூர் வானொலிக் கழகம் ஒன்று இந்தக் கரையோரத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு என் விடையும் அதுவே. கழகம் ஒரு கருவிக் கிடங்கு அல்ல. ஆள் பழக்கும் இடம்.

அமெச்சூர் வானொலி என்பது தேர்வெழுதி உரிமம் பெற்ற ஒருவர், தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், காசு வாங்காமல், தம் சொந்த நிலையத்திலிருந்து உலகத்தோடு பேசுவது. இலங்கையில் உரிமம் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு. தொடக்கநிலையினருக்கு 4எஸ்5, அடுத்த நிலைக்கு 4எஸ்6, உயர்நிலைக்கு 4எஸ்7 என்று அழைப்புக்குறி தொடங்கும். பிரித்தானியர் ஆட்சியில் அது விஎஸ்7 ஆக இருந்தது. இந்த நாட்டில் ஒலிபரப்பே ஆர்வலர்களோடு சேர்ந்துதான் பிறந்தது. கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் 1920களில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தியபோதே, ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வானொலிக் கழகம் ஒன்றையும் அமைத்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது அதன் பின்னர்தான். பிற்காலத்தில் சிலோன் ரேடியோ என்று கடல்கடந்து புகழ்பெற்றதன் வேர் அங்கே இருக்கிறது.

வடக்கில் இந்தக் கலை வேர்விடாமற்போனதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 'வோக்கி' என்ற சொல்லே இங்கு இரண்டு தலைமுறைக்குப் போரின் சொல். கூரைக்கு மேலே இனம்தெரியாத கம்பி ஒன்று தெரிந்தால் விசாரணை வரும் என்று அஞ்சிய ஊரில், பிள்ளை அன்ரெனா கட்டுவதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? அந்த அச்சம் 2009 மே மாதத்தில் போர் முடிந்ததோடு முடிந்துவிடவும் இல்லை. ஆகையால் இங்கு ஒரு கழகத்தின் முதல் வேலை தொழில்நுட்பம் சார்ந்ததன்று. உரிமத்தின் பிரதியைச் சட்டகம் போட்டு நிலையத்தின் சுவரில் மாட்டுவதும், கிராம அலுவலரையும் பொலிசாரையும் கோவில் பரிபாலன சபையினரையும் ஒருநாள் அழைத்து உட்காரவைத்து, என்ன பேசுகிறோம் என்று கேட்கவிடுவதுமே முதல் வேலை.

2004 டிசம்பர் 26. சுமாத்திரா அருகே நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் கடல் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. வடமராட்சியில் மணற்காடு, மருதங்கேணி, உடுத்துறை என்று கரை நெடுகிலும் சனம் அள்ளுண்டு போனது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் கரைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று தெற்கே அம்பாந்தோட்டையில் தொலைபேசியும் கைத்தொலைபேசியும் ஒருங்கே செயலிழந்தன. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் அவருடைய சகாக்களும் சிற்றலைக் கருவிகளையும் கார் பற்றரிகளையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கு ஒரு நிலையத்தை நிறுவினார்கள். மறுமுனை கொழும்பில், பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்துச் செயற்பாட்டு அறையில். என்ன மருந்து வேண்டும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பவை அந்த வழியே போயின. இந்த மனிதர்கள் அனர்த்தத்துக்கென்று பயிற்றப்பட்டவர்கள் அல்லர். வார இறுதிகளில் தூரதேசத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பதை இன்பமாகக் கொண்டவர்கள். இரைச்சலுக்குள் மெலிந்த குரலைப் பிரித்துக் கேட்கும் காது அவர்களுக்கு அப்படி வந்தது.

அதே நாளில் அந்தமானில் நடந்தது இன்னும் வியப்பானது. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவுடன் போர்ட் பிளேயரில் இருந்தார். நெடுங்காலமாக அமெச்சூர் வானொலி ஒலிக்காத அந்தத் தீவுகளிலிருந்து பேசுவதற்கு, முயன்று அனுமதி பெற்று, டிசம்பர் தொடக்கத்திலிருந்தே உலகெங்குமுள்ள ஆர்வலர்களோடு தொடர்புகொண்டிருந்தார். போட்டிக்கும் பொழுதுபோக்குக்குமாகக் கட்டிய அன்ரெனாக்கள், நிலம் நடுங்கிய காலையில் அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான செய்திவழியாக மாறின. நிக்கோபாருக்கும் அவர் குழுவினர் போனார்கள். தற்செயல் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் தற்செயலாக அங்கிருந்தவர் கைதேர்ந்தவராக இருந்தது தற்செயல் அல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெச்சூர் வானொலி சுனாமியை முன்னறிவிக்காது. அந்த வேலைக்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது; கரையோரக் கோபுரங்கள் இருக்கின்றன; 117 என்ற இலக்கம் இருக்கிறது. அமெச்சூர் வானொலியின் வேளை அடுத்த நாள் தொடங்குகிறது, அதாவது கோபுரங்களின் பற்றரிகள் தீர்ந்தபிறகு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் எமக்கு நேர் எதிர்க்கரையான வேதாரணியத்தில் ஏறியபோது அங்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டை உலுக்கியபோதும் மின்சாரம் போன இடங்களில் தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

இனி குடாநாட்டின் தரைக்கு வருவோம். எங்களுக்கு மலை இல்லை. கண்டிக்காரருக்கு மலையுச்சியில் ஒரு மறுஒலிபரப்பி வைத்தால் பாதி நாடு கேட்கும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கும் ஒரு தட்டு. கையில் பிடிக்கும் விஎச்எஃப் கருவி ஏறத்தாழ நேர்கோட்டில்தான் பேசும். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீற்றரில் வரும். இரு முனைகளுக்கும் கண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரை மீற்றர் உயரத்தில் கருவியைப் பிடித்த இருவருக்கு இது பத்துக் கிலோமீற்றர்தான். குறிகட்டுவான் துறையில் நிற்பவருக்கு நெடுந்தீவுத் துறையில் நிற்பவர் கேட்டும் கேட்காமலும் இருப்பார். இரு முனையிலும் 25 மீற்றர் உயரம் இருந்தால் 41 கிலோமீற்றர் கிடைக்கும். யாழ்ப்பாண நகரிலிருந்து நெடுந்தீவுக்கு அது மட்டுமட்டாகப் போதும். சில இரவுகளில் கடலின் மேல் வெப்பக்காற்று படிந்து அலைகளைக் குழாயில் விட்டதுபோல் வெகுதூரம் கொண்டுபோகும். கொடைக்கானல் பண்பலையை இங்கு தெளிவாகக் கேட்ட இரவுகளை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவர். அதை நம்பி அவசரகாலத் திட்டம் போடலாகாது. அது வேண்டிய நாளில் வராது. வேண்டாத நாளில் எதிர்க்கரை இரைச்சலோடு வரும்.

கொழும்போ முந்நூறு கிலோமீற்றர். அதற்குச் சிற்றலைதான் வழி. இங்கு பலருக்குப் பிடிபடாத நுணுக்கம் ஒன்று உண்டு. 7 மெகாஹேட்சுக்கு இருபது மீற்றர் கம்பி, நடுவில் ஊட்டும் இணைப்பு, இருபுறமும் பத்துப் பத்து மீற்றர். யாழ்ப்பாணத்தில் இதைக் கட்டப் பனைக்குப் பஞ்சமில்லை. புதியவர்கள் எல்லோரும் வட்டுவரை ஏற்றத்தான் பார்ப்பார்கள். ஏற்ற வேண்டாம்! ஐந்தாறு மீற்றரில் கட்டினால் கதிர் செங்குத்தாக மேலே போய், அயனமண்டலத்தில் பட்டு, மழைபோல் நாடு முழுவதும் இறங்கும். அயலூருக்கும் கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே கம்பி போதும். உயரத்தில் கட்டியவர் ஐரோப்பாவோடு பேசுவார், கிளிநொச்சியோடு பேசமாட்டார்.

பூமியின் காந்தமையக்கோடு எங்களுக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. இந்தியா 1963இல் தும்பாவில் ரொக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். ஆகவே பகலில் எங்கள் தலைக்கு மேலுள்ள அயனமண்டலம் வலுவானது, 7 மெகாஹேட்ஸ் நன்றாகத் திரும்பிவரும். விடியப்புறத்தில் அது மெலிந்துவிடும். அப்போது 3.5 மெகாஹேட்சுக்கு இறங்க வேண்டும். அதற்கு நாற்பது மீற்றர் கம்பி. எனவே ஒரு நிலையத்துக்கு இரண்டு கம்பிகள். பொழுதுபட்டபின் இந்தப் பிரதேசத்து அயனமண்டலம் குமிழியிட்டுக் குழம்புவதும் உண்டு. அவ்வேளை செய்மதித் தொலைபேசியும் தடுமாறும் என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை.

மின்சாரக் கணக்கு எளிது. நூறு வாற்றுக் கருவி ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ ஓர் அம்பியர் இழுக்கும், முழு வலுவில் பேசும்போது இருபதுக்குக் கிட்ட. பேசுவது பத்தில் ஒரு பங்கு நேரம் என்று கொண்டால், 60 அம்பியர்-மணி கார் பற்றரியில் பாதியைச் செலவழித்துப் பத்து மணித்தியாலம் தாக்குப்பிடிக்கலாம். வலுவை இருபது வாற்றாகக் குறைத்தால் இன்னும் நீளும். ஒரு சூரியப்பலகை இருந்தால் மறுநாளும் உண்டு. கணக்கில் வராதது உப்பு. பருத்தித்துறையில் வாடைக்காற்றில் ஒரு பருவம் கிடந்த செப்பு இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் பச்சைக் களிம்பு உள்ளே போயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பற்றரியையும் அன்ரெனாவையும் பழிசொல்லிப் பாதி நாள் போனபின்தான் அந்த விரற்கடை இணைப்பைக் கழற்றத் தோன்றும்.

மிகக் குறைவாகப் பழகப்படுவது செய்தியைக் கையாளும் முறை. படிவத்தில் இலக்கம், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை சொற்கள், பிறகு செய்தி. எழுதியபடியே வாசிக்க வேண்டும், மறுமுனை எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு நூறாண்டு மரபு உண்டு. தமிழில் நாங்களே ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரைச்சலில் சொல்லின் தலை அறுந்து வால் மட்டும் வரும்; நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் நெடுந்தீவும் ஒரே தீவாகிவிடும். எழுபதும் எண்பதும் ஒன்றாகக் கேட்கும். எழுபது பேருக்குச் சமைத்த சோற்றை எண்பது பேருக்குப் பகிர்ந்து கொடுத்துவிடலாம். இன்சுலின் அளவில் அது முடியாது. இலக்கங்களைப் பிரித்து 'ஏழு, சைபர்' என்று சொல்வதும், ஒவ்வொரு தீவுக்கும் ஓர் எண் குறிப்பதும் எளிய மாற்றுகள். இதைப் பழக இரண்டு அறையும் இரண்டு கருவியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். இடையில் ஒருவர் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

செய்திகளின் வரிசையும் முக்கியம். உயிருக்கு ஆபத்து முதலில், மருந்தும் நீரும் அடுத்து, நலம் விசாரிப்பு கடைசியில். யாழ்ப்பாணத்தில் இந்த வரிசையைக் காப்பது லேசல்ல. கரையில் ஒன்று நடந்தால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். எஞ்சியிருக்கும் தொலைபேசி வழியை முதலில் அடைப்பது எங்கள் பிள்ளைகளின் பாசம்தான். வெளிநாட்டிலுள்ள தமிழ் ஆர்வலர்கள் அங்கேயே நலச் செய்திகளைச் சேர்த்து, ஊர்வாரியாகத் தொகுத்து, ஒரு நேரம் குறித்து அனுப்பினால் அரை மணியில் நூறு வீட்டுக்கு விடை கிடைக்கும். இப்படி மூன்றாம் ஆளின் செய்தியைக் கொண்டுசெல்ல அனர்த்த காலத்தில் தடையில்லை என்பதை 2003இல் திருத்தப்பட்ட சர்வதேச வானொலி விதிகள் தெளிவாக்கியிருக்கின்றன. ஆனால் அமெச்சூர் அலைவரிசையில் மறைமொழி கூடாது. பேசுவதை யாரும் கேட்கலாம். ஆகவே இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அங்கே வாசிக்கப்படக் கூடாது. தகப்பனின் சாவை ஒரு மகள் இரைச்சலுக்கு நடுவே அரைகுறையாகக் கேட்டறியும் நிலை வேண்டாம். அந்தப் பட்டியல் கச்சேரிக்கு ஆள் மூலம் போகட்டும்.

கடற்றொழிலாளர் சங்கங்கள் அடிக்கடி கேட்பது ஒன்று: எங்கள் வள்ளங்களுக்கும் இந்தக் கருவி தரலாமா? தர முடியாது. தொழிலுக்கு அமெச்சூர் அலைவரிசையைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அவர்களுக்கென்று கடல்சார் விஎச்எஃப் இருக்கிறது. அதன் 16ஆம் அலைவரிசை, 156.8 மெகாஹேட்ஸ், உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. கழகம் செய்யக்கூடியது, மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் காரைநகரிலும் கரையிலுள்ள சங்கக் கட்டடங்களில் அந்தக் கருவியைப் பொருத்தவும் பராமரிக்கவும் கைகொடுப்பது. அன்ரெனாவை உயர்த்திக் கட்டித் தருவது.

இவற்றையெல்லாம் ஒத்திகை பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. சாரணர்கள் அமெச்சூர் வானொலியில் சந்திக்கும் வான்வழிச் சம்மேளனம் ஆண்டுதோறும் ஒக்ரோபரில் ஒரு வார இறுதியில் நடக்கிறது. எங்கள் பாடசாலைகளில் சாரணியம் பழையது, வலுவானது. ஐப்பசி மழை தொடங்கும் தறுவாயில் அது வருவதும் வசதி. அந்த இரண்டு நாளில் ஒரு குழு நெடுந்தீவிலும் ஒரு குழு மருதங்கேணியிலும் ஒரு குழு கச்சேரி வளவிலும் கம்பி கட்டி, ஊர் மின்சாரத்தைத் தொடாமல் ஓரிரவு நின்றுபேசினால், எந்தப் பற்றரி செத்தது, எந்த இணைப்பில் களிம்பு, யாருக்கு விடியப்புறம் நித்திரை வந்தது என்பதெல்லாம் கார்த்திகைக்கு முன்பே தெரிந்துவிடும். நெடுந்தீவுக் குழு வெள்ளிக்கிழமைப் படகிலேயே போக வேண்டும். காற்று மாறினால் சனிக்கிழமைப் படகு ஓடாது.