நொதி: நுரையில் பிறந்த சொல்

நொதி என்ற கலைச்சொல் நொதித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. மாவோ கள்ளோ புளித்துப் பொங்குவதே நொதித்தல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நொதி, இலங்கைப் பாடநூல்களில் நொதியம். என்சைம் என்றே எழுதுவோரும் உண்டு. வேர்ப்பொருளை மட்டும் நம்பினால் குழப்பந்தான் மிஞ்சும். மாவுச்சத்தை உடைக்கும் உமிழ்நீர் அமைலேஸும் புரதத்தை உடைக்கும் பெப்சினும் நொதிகளே. அவற்றின் வேலையில் நுரையும் இல்லை, பொங்கலும் இல்லை.

இந்தப் பொருத்தமின்மை ஐரோப்பாவிலேயே தொடங்கியது. 1833இல் பிரான்சில் பேயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருள் ஒன்றைப் பிரித்து டயஸ்டேஸ் என்றனர். இன்றைய நொதிப் பெயர்களின் ஈற்றில் வரும் ‘ஏஸ்’ அதன் வால்தான். ஆனால் உயிருள்ள ஈஸ்ட்டுக்கும் உயிரற்ற டயஸ்டேஸுக்கும் ஃபெர்மென்ட் என்ற ஒரே பெயர் வழங்கியதால் பூசல் தீரவில்லை. ஹைடெல்பர்க்கில் வில்ஹெல்ம் கூனே 1877இல் உயிரற்றதற்கு என்சைம் என்று புதுப்பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் அதற்கு ‘ஈஸ்ட்டுக்குள்’ என்று பொருள். ஈஸ்ட்டிலிருந்து பிரித்துக் காட்டப் பிறந்த சொல் ஈஸ்ட்டையே சுமந்தது வேடிக்கைதான். அரைத்துப் பிழிந்த ஈஸ்ட்டின் சாறே, உயிரணு இல்லாமல், சர்க்கரையைச் சாராயமாக்கும் என்று 1897இல் எட்வர்ட் பூக்னர் காட்டியபின் பெயரும் பொருந்திப்போயிற்று.

நொதி புரதம் என்பதற்கு 1926இல்தான் சம்னர் யூரியேஸைப் படிகமாக்கிச் சான்று தந்தார். அதற்கு வெகுமுன்பே நொதியின் வேலையைக் காலத்தோடு அளக்க முடிந்தது. அதற்குக் கைகொடுத்தது இன்வர்ட்டேஸ். சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும் ஈஸ்ட் நொதி இது. சுக்ரோஸ் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்பும். உடைந்த கலவை இடப்புறம் திருப்பும். இந்தத் தலைகீழ் மாற்றமே நொதிக்குப் பெயரானது. திருப்புக் கோணத்தைப் போலாரிமீட்டரில் பார்த்தால் வினை எவ்வளவு நடந்தது என்று தெரிந்துவிடும்.

நேரத்துக்கு எதிராக விளைபொருளின் அளவைக் குறித்தால், கோடு முதலில் ஏறத்தாழ நேராக ஏறும். பிறகு சாய்வு தணிந்து வளையும். கடைசியில் கிடையாகப் படுத்துவிடும். நொதி வேலை செய்யும் பொருளான தளப்பொருள் குறையக் குறைய நொதி மூலக்கூறுகள் பல வேலையின்றி நிற்பது முதற்காரணம். விளைபொருளே நொதியோடு ஒட்டிக்கொண்டு தடுக்கலாம், எதிர்வினை தலைதூக்கலாம், நொதி சிதையவும் கூடும். வளைவின் வடிவத்தை மட்டும் வைத்துக் காரணம் இன்னதென்று சொல்லிவிட முடியாது.

1903இல் பாரிசில் விக்டர் ஆன்ரி, நொதியும் தளப்பொருளும் முதலில் இணைகின்றன என்று கொண்டு முழு வளைகோட்டுக்கும் சமன்பாடு எழுதினார். புதிதாகப் பிரிந்த குளுக்கோஸின் ஒளித்திருப்பம் சற்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது அவர் கணக்கில் சேரவில்லை. 1913இல் பெர்லினில் லியோனார் மைக்கேலிஸும் மாட் மென்டனும் அவ்வப்போது மாதிரி எடுத்துக் காரம் சேர்த்தார்கள். வினை நின்றது, குளுக்கோஸின் மாற்றமும் விரைந்து முடிந்தது. விளைபொருள் சேராத தொடக்க நேரத்து வேகத்தையே அவர்கள் தளப்பொருள் செறிவோடு ஒப்பிட்டார்கள். உச்ச வேகத்தில் பாதியைத் தரும் செறிவே இன்றைய மைக்கேலிஸ் மாறிலி. விளைபொருளின் தடையையும் சேர்த்து வளைகோடு முழுவதையும் அதே கட்டுரையில் அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். பாடநூல்கள் தொடக்க வேகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.